நாலுக்கு ஒன்றாகச் சுண்டிய கஷாயம்

மார்ச் 3

டிரைவிங் ஸ்கூல் முதலாளி ஜனவரியில் கொடுத்த டைரி இது. இரண்டு மாதம் சும்மா கிடந்தது. இன்று அவர் என்னைக் கூப்பிட்டு, "ஜெனோவா, இனிமே நீ கார்ல உக்கார வேணாம்மா, ஆபீஸ்ல எல்எல்ஆர் ஃபாரம் நிரப்பு" என்று சொல்லிவிட்டார். காரணம் என் வயிறு. மூன்று மாதம்தான் ஆகிறது, வெளியே தெரியக்கூட இல்லை. எட்டு வருடமாக இந்த ஊர்ப் பெண்களில் பாதிப்பேருக்கு கிளட்ச் எது, பிரேக் எது என்று கத்திக் கத்திச் சொல்லிக்கொடுத்தவள் நான். இப்போது கையில் கோந்து பாட்டில். எரிச்சலாக இருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

வீட்டில் இன்னொரு வயிறும் இருக்கிறது. கொழுந்தன் சவரியின் மனைவி பவுலின், என் ஓரகத்தி. ஆம்பூர்ப் பெண், கல்யாணமாகி ஒரு வருடம். என்னைவிட மூன்று வாரம் முன்னால் ஓடுகிறாள். ஒரே கூரையின்கீழ் இரண்டு கர்ப்பிணிகள் இருக்கக்கூடாது என்று யாரோ சொல்லப்போக, அத்தை கொல்லைப்புற அறைக்குத் தனிக் கதவெண் கொடுத்துவிட்டார். சாக்பீஸால் 14-ஏ என்று அவரே எழுதினார். சவரியும் பவுலினும் படுப்பது 14-ஏ. மற்றபடி எல்லோருக்கும் ஒரே பானைச் சோறு.

மார்ச் 9

குழாயில் இன்று தண்ணீர் வந்தது. பத்து நாளைக்கு ஒரு முறைதான் வரும். அண்டா, குடம், டிரம், கடைசியில் குக்கரில்கூடப் பிடித்து வைத்தோம். அது குடிக்க மட்டும். சமையல், துவையல், குளியல் எல்லாம் வீட்டு போர்த் தண்ணீர். எங்கள் ஊரில் தங்கச் சுரங்கத்தை மூடி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. அரைத்துக் கொட்டிய மண் மட்டும் மலைமாதிரி ஊர் ஓரத்தில் கிடக்கிறது. காற்றடித்தால் கொடியில் காயும் துணியெல்லாம் சாம்பல் நிறம்.

அத்தையின் கஷாயம் இன்று ஆரம்பம். சுக்கு, மல்லி, சீரகம், பனைவெல்லம். பதினாறு டம்ளர் தண்ணீர் வைத்து நாலு டம்ளராகச் சுண்டக் காய்ச்சுவார். எனக்கு இரண்டு, பவுலினுக்கு இரண்டு, காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. இரண்டு மணி நேரம் கொதிக்கிற பண்டத்துக்குக் குழாய்த் தண்ணீரை வீணாக்குவானேன் என்று போர்த் தண்ணீரிலேயே வைக்கிறார். கொதித்தால் அதில் இருக்கிற அத்தனையும் செத்துவிடுமாம்.

சுக்கு வாசனை எனக்கு ஆகவே ஆகாது. பவுலினுக்கு அது பாயசம் மாதிரி.

மார்ச் 17

டம்ளரை எடுத்துக்கொண்டு 14-ஏவுக்குப் போய்விடுகிறேன். பவுலினோடு பேசிக்கொண்டே குடித்தால் குமட்டல் தெரியவில்லை என்று அத்தையிடம் சொல்லியிருக்கிறேன். இரண்டு வேளையும் டம்ளர் காலி. அத்தைக்கு வாயெல்லாம் பல்.

மார்ச் 26

பல் டாக்டர் அம்மாவுக்கு ஓட்டுநர் தேர்வு. எட்டுப் போடச் சொன்னால் மூன்று போட்டுவிட்டு இறங்கி வந்தாராம். என்னைப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தால் இப்படி ஆகுமா? முதலாளியிடம் சொன்னேன். அவர் கோந்து பாட்டிலை என் பக்கம் நகர்த்தினார்.

என் கணவர் அமல் பெங்களூரில் லிஃப்ட் பொருத்துகிறார். விடியற்காலை ரயிலில் போய் ராத்திரி ரயிலில் வருகிறவர். இன்று ஸ்கேன் என்பதால் லீவு போட்டார். எல்லாம் நன்றாக இருக்கிறதாம். வெளியே வந்து இருவரும் ரோஸ்மில்க் குடித்தோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. மூன்று வருடத்துக்கு முன்னும் இந்த மாதத்தில் நன்றாகத்தான் இருந்தது. ஐந்தாம் மாதத்தில் போய்விட்டது. அந்த முறை நான் எல்லோரும் சொன்னதைக் கேட்டேன். மாடி ஏறவில்லை, பப்பாளி தொடவில்லை, அத்தை கொடுத்த கஷாயத்தில் ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை. பலன் என்ன? அதனால் இந்த முறை எனக்குப் பிடித்ததைத்தான் செய்வேன்.

அதைப்பற்றி இதற்குமேல் எழுத மாட்டேன்.

ஏப்ரல் 8

கோமதி என்று ஒரு நர்ஸ் வந்தார். சுரங்க ஊர்களில் கர்ப்பிணிகள் குடிக்கிற தண்ணீரைப்பற்றி ஓர் ஆராய்ச்சி நடக்கிறதாம். பாறையில் தங்கத்தோடு ஆர்சனிக் என்ற ஒன்றும் சேர்ந்தே இருக்குமாம், அரைத்துக் கொட்டிய மண்ணிலிருந்து அது நிலத்தடித் தண்ணீருக்கு இறங்கலாமாம். "பாஷாணமா?" என்று அத்தை கேட்டார். ஆமாம், அதேதான் என்றார் கோமதி. அத்தை சிரித்தார். இந்தத் தண்ணீரைக் குடித்துத்தான் இரண்டு பிள்ளை பெற்றாராம், எங்கள் ஊர் உடம்புக்கு இதெல்லாம் பழகிப்போனதாம், ஆம்பூர் உடம்புக்குத்தான் என்னவோ என்றார். பவுலின் முகம் சின்னதாகிவிட்டது.

கோமதி குழாய்த் தண்ணீர் ஒரு பாட்டில், போர்த் தண்ணீர் ஒரு பாட்டில் எடுத்தார். எங்கள் இருவரிடமும் சிறுநீர், ரத்தம் வாங்கினார். ரத்தம் மரபணு பார்ப்பதற்காம். ஒரே விஷத்தை ஒருவர் உடம்பு சட்டென்று வெளியே தள்ளும், இன்னொருவர் உடம்பு வைத்துக்கொண்டு திணறும், அது பிறப்பிலேயே இருக்கிற வித்தியாசம் என்றார். ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிறவர்களிடமும் இதைத்தானே பார்க்கிறேன்.

பிறகு கேள்விகள். அத்தை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஒரு நாளைக்கு என்னென்ன குடிக்கிறீர்கள்? தண்ணீர் இவ்வளவு, காபி இவ்வளவு, கஷாயம் இரண்டு டம்ளர் என்றேன். பவுலின் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தானும் இரண்டு என்றாள். நல்ல பெண்.

ஏப்ரல் 15

மாம்பழம் வந்துவிட்டது. தின்றேன். பவுலினும் நானும் தோலைக்கூட விடவில்லை.

ஏப்ரல் 29

முடிவு வந்தது. குழாய்த் தண்ணீர் சுத்தம். லிட்டருக்குப் பத்து மைக்ரோகிராம்வரை இருக்கலாமாம், இதில் நாலுதான். போர்த் தண்ணீரில் அறுபது. அதைத்தான் நாங்கள் குடிப்பதில்லையே என்று அத்தை நிம்மதியாகச் சொன்னார்.

ஆனால் கோமதிக்கு ஒரு குழப்பம். என் சிறுநீரில் நாற்பத்து நாலு, பவுலினுக்கு இருநூற்றுப் பத்து. ஒரே வீடு, ஒரே சோறு, ஒரே தண்ணீர். பெரிய டாக்டர் நேரில் பார்க்க வருகிறாராம்.

பவுலின் பயந்துபோய் இருக்கிறாள். தைரியம் சொன்னேன்.

மே 2

டாக்டர் ஹேமலதா வந்தார். என் வயதுதான் இருக்கும். வந்தவர் வயிற்றைப் பார்க்கவில்லை, நேரே சமையலறைக்குப் போனார். அடுப்பில் கஷாயம் கொதித்துக்கொண்டிருந்தது. என்ன தண்ணீர் என்று கேட்டார். போர்த் தண்ணீர், ஆனால் இரண்டு மணி நேரம் கொதிக்கிறது என்று அத்தை பெருமையாகச் சொன்னார்.

"அம்மா, கொதிச்சா கிருமிதான் சாவும். இது கிருமி இல்ல. தண்ணி ஆவியாப் போவும், இது பாத்திரத்துலயே நிக்கும். பதினாற நாலாக்குறீங்கன்னா, அறுபது இருநூத்தி நாப்பதாவுது."

அத்தை அடுப்பை அணைத்தார். அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். என் கையாலேயே கொடுத்தேனே என்று இரண்டு முறை சொன்னார். டாக்டர் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, உங்கள்மேல் தப்பில்லை, படித்தவர்களும் இதைத்தான் செய்கிறார்கள், இப்போதே நிறுத்தினால் சில நாளில் உடம்பிலிருந்து பெரும்பாலும் இறங்கிவிடும் என்றார். வீட்டுக்கு இருபது லிட்டர் கேன் தண்ணீர் தினமும் அவர்களே அனுப்புகிறார்கள். சமையலுக்கும் அதுதான்.

போகும்போது கோமதியிடம் சொன்னது என் காதில் விழுந்தது. இரண்டு பேரும் இரண்டு டம்ளர்தான் குடித்திருக்கிறார்கள், ஒருத்திக்கு ஐந்து மடங்கு என்றால் அது மரபணுதான், பவுலின் உடம்பு மெதுவான வகையாக இருக்கும், குழந்தையை மாதா மாதம் ஸ்கேனில் பார்க்க வேண்டும் என்றார்.

மே 3

இட்லி. தேங்காய்ச் சட்னி. தலைவலி.

மே 4

எழுதிவிடுகிறேன். நான் ஒரு நாள்கூடக் கஷாயம் குடிக்கவில்லை. 14-ஏவுக்குக் கொண்டுபோய் என் டம்ளரைப் பவுலினிடம் கொடுத்தேன். அவள் அவளுடையதையும் குடித்து என்னுடையதையும் குடித்தாள். ஆசையாகத்தான் குடித்தாள், நான் ஒன்றும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் கொடுத்தவள் நான். ஒரு நாளைக்கு அவளுக்கு நாலு டம்ளர், எனக்கு ஒன்றுமில்லை.

இப்போது அவள் உடம்பிலேயே கோளாறு என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அவளும் அப்படித்தான் நினைக்கிறாள். மத்தியானம் வயிற்றில் கை வைத்துக்கொண்டு, ஆம்பூர் உடம்பு அப்படித்தானோ என்று என்னைக் கேட்டாள். இரண்டு டம்ளர் குடித்தேன் என்று அவள் சொன்னது என்னைக் காப்பாற்றுவதற்காக. இவளிடம் நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

வெட்கமாக இருக்கிறது.

மே 6

சொல்லிவிட்டேன். ஞாயிறு பூசை முடிந்து எல்லோரும் வீட்டில் இருக்கும்போது சொல்லலாம் என்று ஒரு மனம் தள்ளிப்போடப் பார்த்தது. அதைக் கேட்கவில்லை. அத்தை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார், பவுலின் பக்கத்தில் இருந்தாள். நின்றபடியே சொன்னேன்.

அத்தை கீரையைக் கீழே போட்டார். "நீ குடிக்கலையா? நெஜமா ஒரு வாய்கூட குடிக்கலையா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர். மூன்று வருடமாக அந்த முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததில்லை. அப்புறம்தான் பவுலின் பக்கம் திரும்பினார். சிரிப்பு நின்றுவிட்டது.

பவுலின் எழுந்து 14-ஏவுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

டாக்டருக்கும் போன் செய்தேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, நல்லவேளை சொன்னீர்கள், இல்லையென்றால் தப்பாக எழுதியிருப்போம், ரத்தப் பரிசோதனை வரட்டும் என்றார்.

மே 7

சவரிக்கும் பெங்களூரில்தான் வேலை. நேற்று ராத்திரி ரயிலிலிருந்து இறங்கியதும் நேரே என்னிடம் வந்தான். குரலை உயர்த்தவில்லை.

"விஷத்த நாலு டம்ளரா என் பொண்டாட்டி குடிச்சிருக்கா. நீங்க காலி டம்ளர காட்டி நல்ல பேரு வாங்கினீங்க அண்ணி."

அமல் ஏதோ சொல்ல வாயெடுத்தார். வேண்டாம் என்றேன். அவன் சொன்னதில் எது பொய்?

மே 21

கேன் தண்ணீரில் காபி நன்றாகத்தான் இருக்கிறது.

பன்னிரண்டு நாளுக்கு முன் பவுலின் அம்மா வந்து அவளைக் கூட்டிப்போய்விட்டார். ஏழாம் மாதத்தில் அழைத்துப்போவதை ஆறிலேயே செய்துவிட்டார்கள். போகும்போது என்னிடம் வருகிறேன் என்று சொன்னாள். முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

கோமதி ஆம்பூருக்கே போய் மறுபடி சோதித்தார். இருநூற்றுப் பத்து இப்போது பதினெட்டு. கேட்டதும் மாதா படத்துக்கு முன் நின்று அழுதேன். அத்தையும் வந்து சேர்ந்துகொண்டார். அப்புறம் இருவரும் பஜ்ஜி போட்டுத் தின்றோம்.

என்னுடையது நாற்பத்து நாலிலிருந்து முப்பத்தொன்று. அவ்வளவுதான் இறங்கியிருக்கிறது. அளக்கும்போது தப்பாகியிருக்கும்.

மே 30

குழந்தை உதைத்தது. ஃபாரத்தில் அப்பா பெயர் எழுத வேண்டிய இடத்தில் முகவரியை எழுதிவிட்டேன். ஐந்து மாதம் தாண்டியாயிற்று. முதலாளிக்கும் ஆபீஸில் இருந்த எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். காரணம் சொல்லவில்லை.

ஜூன் 18

டாக்டர் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார். ஆர்சனிக் உள்ளே போனால் உடம்பு அதை இரண்டு படியாக மாற்றி வெளியே தள்ளுமாம். இரண்டாவது படிவரை போய்விட்டால் தொல்லை விட்டது. முதல் படியிலேயே நின்றுவிட்டால் அது உள்ளேயே சுற்றும், குழந்தைக்கும் கெடுதல். அதாவது முதல் கியரிலிருந்து இரண்டாவது கியருக்கு வண்டி மாறாமல் உறுமுவது மாதிரி. இதைச் சொன்னதும் டாக்டர் சிரித்து, இனி எல்லோருக்கும் இப்படியே சொல்கிறேன் என்றார்.

பவுலின் உடம்பு சட்டென்று இரண்டாவது கியருக்குப் போகிற உடம்பு. அதனால்தான் அவ்வளவு குடித்தும் அவ்வளவு சீக்கிரம் இறங்கியது. குழந்தை நன்றாக வளர்கிறது.

முதல் கியரில் நிற்கிறவள் நான்.

ஊர்ப் பழக்கம், ஆம்பூர் உடம்பு என்பதெல்லாம் கிடையாது, எந்த ஊரிலும் இரண்டு வகையும் உண்டு என்றார். குடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். அப்படி அறுதியிட்டுச் சொல்ல முடியாது, ஆனால் உங்கள் உடம்புக்கு அது நல்லதில்லை, குடிக்காததற்குச் சந்தோஷப்படுங்கள் என்றார். மூன்று வருடத்துக்கு முன் குடித்ததையும் இழந்ததையும் சொல்லி, அதனால்தானா என்று கேட்டேன். "அதுக்கும் இதுக்கும் முடிச்சு போட எங்கிட்ட ஆதாரம் இல்ல ஜெனோவா. நீங்களும் போடாதீங்க" என்றார்.

சரி என்றேன். வீட்டுக்கு வந்து அத்தையிடம் மற்ற எல்லாவற்றையும் சொன்னேன். இந்தக் கேள்வி கேட்டதை மட்டும் சொல்லவில்லை. என்றைக்கும் சொல்ல மாட்டேன்.

ஜூன் 21

ஆம்பூர் போனோம். அமல் ஓட்டினார். நாலாவது கியரில் போக வேண்டிய இடத்தில் மூன்றாவது. நான் ஒன்றும் சொல்லவில்லை, பதினேழு முறைதான் சொன்னேன்.

பவுலின் வாசலுக்கு வந்தாள். வயிறு என்னுடையதைவிடப் பெரிசு. உட்காரச் சொல்வதற்கு முன்பே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். உன் உடம்பு கெட்டி, என் உடம்புதான் சொத்தை, அந்த இரண்டு டம்ளரும் என் வயிற்றுக்குள் போயிருந்தால் என் பிள்ளை இருந்திருக்குமோ இல்லையோ, தெரியாமல் உனக்குக் கொடுத்தேன், தெரியாமல் நீ என்னைக் காப்பாற்றினாய் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். அழுகை வந்துவிட்டது.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆறு வாரமா உன்மேல கோவமா இருக்கணும்னு பாடுபட்டுட்டு இருக்கேன்க்கா. கஷ்டமா இருக்கு. விட்டுடவா?"

விட்டுடு என்றேன். அப்புறம் பிரியாணி. எனக்கு இரண்டு தட்டு.

ஆகஸ்ட் 23

பவுலினுக்குப் பெண். இரண்டு கிலோ தொள்ளாயிரம். பத்து விரல், பத்து விரல். சவரி என் காலைத் தொட வந்தான். தலையில் ஒரு குட்டு வைத்தேன்.

செப்டம்பர் 12

நடக்க முடியவில்லை. வாத்து மாதிரி போகிறேன் என்கிறார் அமல். அவருக்கு ராத்திரி சோறு போடவில்லை.

செப்டம்பர் 17

பையன். நேற்று மத்தியானம். இரண்டு கிலோ அறுநூறு. டாக்டர் ஹேமலதா பார்க்க வந்து, மேலிருந்து கீழாகத் தடவிப் பார்த்து, ஒன்றும் குறையில்லை என்றார். அத்தை அதை மூன்று முறை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள். எனக்குப் பால் வரவில்லை. நேற்று சாயங்காலத்திலிருந்து கத்துகிறான். கத்தினால் முகம் என் முதலாளி முகமாகிவிடுகிறது. நர்ஸ் பவுடர் கலக்கத் தண்ணீர் கேட்டார். தண்ணீர் என்றதும் நான், அத்தை, அமல் மூன்று பேரும் எந்தத் தண்ணீர் என்று ஒரே குரலில் கேட்டோம். நர்ஸ் மிரண்டுவிட்டார்.

அந்த நேரத்தில்தான் பவுலின் உள்ளே வந்தாள். பெற்று முப்பது நாள்கூட ஆகவில்லை, வெளியே போகாதே என்று அவள் அம்மா பின்னாலேயே திட்டிக்கொண்டு வந்தார். தன் மகளை அம்மா கையில் கொடுத்துவிட்டு, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் என் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். கத்தல் நின்றது. அறையில் அவன் குடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

உனக்குப் பத்துமா, உன் பொண்ணுக்கு வேண்டாமா என்று கேட்டேன்.

"உன் பங்கு எப்பவும் எங்கிட்டதான வருது. கண்ண மூடிக் கொஞ்சம் தூங்குக்கா" என்றாள்.

தூங்கவில்லை. அவன் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன்.